சிரிக்கிற முகத்தைத் தொட்டவர்கள் அடுத்த ஊசிக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். பர்மாவில், மோன் மாநிலத்துத் தட்டோன் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் தமிழ்க் குடும்பங்கள் எழுபது, எண்பது இருக்கும். பாதிக்கு மேல் ரப்பர் தோட்ட வேலை. மற்றவர்களுக்கு வயல், சில்லறைக் கடை. மாதத்தில் ஒரு நாள் சயாமா, அதாவது அரசாங்க மருத்துவச்சி, ஐஸ் பெட்டியோடு வந்து சாவடியில் உட்கார்ந்து கைக்குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார். போன மாதம் ஒரு தொண்டு அமைப்புக்காரர்கள் வந்து, இந்தச் சேவையில் பெற்றோருக்குத் திருப்தி உண்டா என்று விசாரித்துத் தரும்படி என்னிடம் தாள்கள் கொடுத்துப் போனார்கள். அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை ஐந்து படம். கேட்ட எல்லாரும் சிரிக்கிற முகத்தையே தொட்டார்கள். ஆனால் இந்த மாதம் சயாமா வந்தபோது, வர வேண்டிய பிள்ளைகளில் பாதிதான் வந்தது.

வராத வீடுகளுக்குப் போய்ப் பேசினேன். ஒரு தாய் ஒன்பதாம் மாத ஊசிக்கு இரண்டு தடவை போய், ‘பிள்ளைகள் சேரவில்லை, அடுத்த மாதம் வா’ என்று திரும்பி வந்தவள். இன்னொரு வீட்டில் இரண்டாம் மாத ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல். இனி ஊசியே வேண்டாம் என்கிறார் மாமியார். மூன்றாவது வீட்டில் மகளும் மருமகனும் தாய்லாந்தில். பேத்தியை வளர்க்கும் அம்மாச்சியிடம் ஊசி அட்டை இல்லை, மழையில் போய்விட்டது. அட்டையில்லாமல் போனால் திட்டுவார்கள் என்று பயம். இந்த மூவரும் சிரிக்கிற முகத்தைத் தொட்டவர்களே. தாளில் நான் என்ன எழுதுவது? சயாமா நல்லவர், என் எழுத்தால் அவருக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது.

பதில்: டீச்சர், உங்கள் ஊர்த் தாய்மார் பொய் சொல்லவில்லை. படத்தைக் காட்டிக் கேட்டவர் நீங்கள், அவர்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர். கேட்டதோ சயாமாவைப் பற்றி. போன பிரசவத்துக்கு நடு ராத்திரியில் வந்து நின்றவர் அவர். அடுத்த பிரசவத்துக்கும் அவர்தான் வர வேண்டும். இப்படி இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு அழுகிற முகத்தை எவள் தொடுவாள்? தவிர, அவர்களுக்கு உண்மையிலேயே நன்றியும் இருக்கிறது. ஊசிக்குக் காசு இல்லை, தட்டோனுக்கு வண்டி பிடிக்க வேண்டியதில்லை, ஊருக்குள்ளேயே வந்து போடுகிறார்கள். அதற்குச் சிரிக்கிற முகம் போட்டது நியாயம்தான். ஆனால் நன்றி மனத்தில் இருக்கும்போதே கால் சாவடிப் பக்கம் போகாமல் இருக்கும். சயாமாவைப் பிடிக்கும், அன்றைக்குக் கூலியை விட்டுப் போய் வெறுமனே திரும்பியதும் மறக்காது.

இந்த முகப் படத் தாள்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. பல இடங்களில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களை வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். வந்தவளிடம் கேட்டால் வந்த கதைதான் கிடைக்கும். வராதவள் வீட்டில் இருக்கிறாள், அவளை யாரும் கேட்பதில்லை. நீங்கள் தாளை ஓரமாக வைத்துவிட்டு மூன்று வீட்டு வாசலுக்கு நடந்து போனீர்களே, விசாரணை என்றால் அதுதான்.

உங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. 2015–16இல் நம் நாட்டில் வீடு வீடாக எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஒரு வயது தாண்டி இரண்டு வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டவர்கள் 100க்கு 55 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் ஊசியையே காணாதவர்கள் அல்லர். முதல் ஊசிக்கு வந்து, சாவடியையும் சயாமாவையும் பார்த்து, அப்புறம் நடுவில் நின்றுபோனவர்கள். அதாவது, வழி தெரியும், பயமும் இல்லை, ஆனால் இரண்டாவது மூன்றாவது தடவைக்குள் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அது நல்ல காலத்துக் கணக்கு. 2020இல் கொரோனா, 2021இலிருந்து நாட்டுக் குழப்பம். அந்த 2021ஆம் வருஷம், ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிற தடுப்பூசியை மூன்று தடவையும் போட்டு முடித்த பிள்ளைகள் நாடு முழுவதும் பாதிக்கும் கீழே போனார்கள். பிறகு கொஞ்சம் மீண்டிருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியில் பிறந்து ஊசி விட்டுப்போன பிள்ளைகள் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கிறார்கள். உங்கள் மண்டபத்தில் பாய் விரித்து உட்காருகிற சின்னதுகளிலேயே சிலர் இருக்கலாம்.

விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2016இல் நாகா மலைப் பக்கம், லஹே, நன்யூன் வட்டாரக் கிராமங்களில் தட்டம்மை வந்து 40க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் குழந்தைகள். ஊசிக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஊர்கள் அவை. 2019இல் உங்களுக்குப் பக்கத்திலேயே, கரென் மாநிலத்தில், போலியோ சில பிள்ளைகளின் காலை முடக்கியது. அதுவும் சொட்டு மருந்து சரியாகப் போய்ச் சேராத இடம்தான்.

சரி, உங்கள் மூன்று வீட்டுக்கு வருவோம். முதல் வீட்டுக்கு நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஒன்பதாம் மாதத்தில் போடுவது தட்டம்மை–ருபெல்லா ஊசி. கூடவே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு. தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வரும், தனிக் குப்பியில் வரும் நீரைக் கலந்துதான் போட வேண்டும். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும், பத்துப் பேருக்கான குப்பி சாதாரணம். கலந்துவிட்டால் ஆறு மணி நேரம்தான் ஆயுள். அதற்கு முன்பே அன்றைய ஊசி வேலை முடிந்துவிட்டால் அப்போதே மீதியைக் கொட்டிவிட வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசிக்கும் இதே கதை. இந்த மருந்தில் கிருமி வளராமல் தடுக்கிற சரக்கு எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் போடுவது உயிருக்கே ஆபத்து. 2017இல் தென் சூடானில் கலந்த மருந்தைக் குளிரில் வைக்காமல் நாள் கணக்கில் வைத்துக்கொண்டு, கலக்கிற சிரிஞ்சையும் மாற்றாமல் போட்டு, 15 குழந்தைகள் செத்துப் போனார்கள். ஆகவே, சயாமா மீதி மருந்தைக் கொட்டுகிறார் என்றால் சரியாகத்தான் செய்கிறார்.

இந்தக் கொட்டுகிற பயம்தான் ‘பிள்ளைகள் சேரட்டும்’ என்ற பேச்சுக்குக் காரணம். பத்துப் பேருக்கான குப்பியை இரண்டு பேருக்காகத் திறந்தால் எட்டுப் பேருக்கான மருந்து வீண். மேலே கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கையிருப்பும் குறைவு. எனக்கு அவர் சங்கடம் புரிகிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது தெளிவாக இருக்கிறது: ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற. காரணம், மருந்தின் விலையைவிட அந்தக் குழந்தை திரும்பி வராமல் போவதன் விலை அதிகம். உங்கள் ஊரிலேயே பாருங்கள், இரண்டு தடவை திருப்பி அனுப்பியதும் மூன்றாவது தடவை அவள் கிளம்பவே இல்லை. தாயிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்புச் சக்தி இந்த வயதுக்குள் கரைந்துபோயிருக்கும். பிள்ளை வெறும் உடம்போடு நிற்கிறது.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஊசி நாளுக்குள் ஒன்பது மாதம் முடிகிற பிள்ளைகள் யார் யார், பதினெட்டு மாதத்தில் இரண்டாவது தட்டம்மை ஊசி வேண்டியவர்கள் யார் யார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி சயாமாவிடம் சேர்த்துவிடுங்கள். பக்கத்துப் பர்மியக் கிராமத்துப் பிள்ளைகளையும் மோன் இனத்தவர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதுங்கள், தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்றால் எண்ணிக்கை சேராது. ஆறேழு பேர் நிச்சயமாக வருவார்கள் என்று தெரிந்தால் எந்த சயாமாவும் குப்பியைத் திறக்கத் தயங்க மாட்டார். இந்த மாதம் ஒருத்திதான் என்றால், ‘சயாமா, இவள் ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து போனவள், இவளுக்காகத் திறந்துடுங்க’ என்று பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள். அந்தத் தாய் வாய் திறக்க மாட்டாள். நீங்கள் சொன்னால் எடுபடும். அதற்கும் வழியில்லை, மருந்தே வரவில்லை என்றால், வந்தவளை வெறுமனே அனுப்பாமல் தேதி குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ‘அடுத்த மாதம்’ வேண்டாம், இன்ன தேதி, இன்ன நேரம் என்று வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘பிள்ளைகள் குறைவு’ என்ற காரணம் பொடி மருந்துகளுக்குத்தான். இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் போடுகிற ஐந்து நோய் ஊசியும் போலியோ மருந்தும் திரவம். குளிர் கெடாமலும் சுத்தம் கெடாமலும் இருந்தால், அந்தக் குப்பிகளைத் திறந்த பிறகும் 28 நாள் வரை வைத்துப் போடலாம். அந்த மாதங்களில் ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்ப எண்ணிக்கை ஒரு சாக்கே இல்லை.

நேரத்தையும் பாருங்கள். ரப்பர் வேலைக்காரர்களின் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். விடிந்ததும் பாலைச் சேர்த்து எடுத்து, உறைய வைத்து, ரோலரில் தகடாக இழுத்துக் காயப் போட்டு முடிக்கப் பத்து, பதினொரு மணியாகும். சயாமா ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பதினொன்றரைக்குப் பெட்டியை மூடினால், தோட்டத்துத் தாய்க்கு அது ஊசி நாளே இல்லை. வேலையை விட்டு வந்தால் பால் உறைந்து வீணாகும், கூலி போகும். வெட்டு இருக்கிற மாதங்களில் நண்பகல் ஒரு மணிக்குத் தொடங்க முடியுமா என்று சயாமாவிடம் கேளுங்கள். நல்ல ஐஸ் கட்டிகள் வைத்த பெட்டி அதுவரை தாராளமாகத் தாங்கும். இருட்டுவதற்குள் அவர் திரும்ப வேண்டும், அந்த ஒரு கவலைதான் அவருக்கு இருக்கும். மழை மாதங்களில் வெட்டு இல்லை, நேரம் பிரச்சினை இல்லை. ஆனால் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற உங்கள் கடலோரத்தில் அப்போது பாதையே பிரச்சினை. ஆக, வருஷம் முழுவதற்கும் ஒரே நேரம் வைக்கிற அட்டவணை உங்கள் ஊருக்குப் பொருந்தாது.

இரண்டாவது வீடு, மாமியார் வீடு. அந்த அம்மாவை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்: காலையில் நன்றாக விளையாடிய குழந்தை, ஊசிக்குப் பிறகு ராத்திரி முழுக்க நெருப்பாகச் சுட்டது, வீறிட்டு அழுதது. ஐந்து நோய் ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி இருக்கிறது, அதனால் காய்ச்சல் வருவது சகஜம். பல குழந்தைகளுக்கு அன்று இரவோ மறுநாளோ உடம்பு சுடும், தொடையில் போட்ட இடம் சிவந்து தடிக்கும், இரண்டு நாளில் தணிந்துவிடும். இதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். சொல்லவில்லை, அல்லது முப்பது குழந்தைகள் அழுகிற சத்தத்தில் பர்மியத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கடைத்தெருவில் பர்மியம் சரளமாகப் பேசுகிற நம் பெண்கள், சயாமாவின் மேஜைக்கு முன்னால் நின்றால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். புரிந்ததற்கும் ஒரே ஆட்டு, புரியாததற்கும் அதே ஆட்டுதான்.

மாமியாரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: ‘அத்தை, காய்ச்சல் வந்தது நெஜந்தான். மருந்து உள்ளே போய் உடம்பு அதோட பழகுறப்ப சூடு வரும். அந்த ஒரு ராத்திரிக்கு என்ன பண்ணணும்னு நான் சொல்றேன்.’ பிறகு சொல்லுங்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்க வேண்டும். துணியைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தக் கூடாது. பாராசிட்டமால் சொட்டோ சிரப்போ எடை பார்த்துக் கொடுக்கலாம், ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோ இருக்கிற குழந்தைக்கு, பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 2.5 மில்லி போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கரைப்பது வேண்டவே வேண்டாம், ஆஸ்பிரின் கிட்டவே வரக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்க்க வேண்டாம். பி.சி.ஜி. போட்ட கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அது ஊசி வேலை செய்கிறதற்கு அடையாளம். அதன்மேல் தனக்கா மரப்பட்டைப் பூச்சோ பச்சிலையோ பூசி மூடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். தனக்கா கன்னத்துக்கு அழகு, புண்ணுக்கு ஆகாது.

எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மற்ற நேரத்தில் பயப்படாமல் இருப்பார்கள். வலிப்பு வந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டால், துணிபோலத் துவண்டு கிடந்தால், பால் குடிக்காவிட்டால், மூச்சுத் திணறினால், உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் ஊசியைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. உங்கள் பக்கம் டெங்குவும் மலேரியாவும் உண்டு, ரத்தம் பார்க்க வேண்டும். தட்டம்மை ஊசிக்கு மட்டும் காய்ச்சல் அன்றே வராது, ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு வரும், லேசாகப் பொரியும். இது தெரியாமல், ‘ஊசி போட்டும் அம்மை வந்துவிட்டது’ என்று ஊர் முழுக்கப் பேச்சுக் கிளம்புவதைப் பல கிராமங்களில் கேட்டிருக்கிறேன்.

மாமியார் கேட்பார், ‘ஒரு ஊசி போட்டாச்சே, போதாதா?’ என்று. போதாது. ஐந்து நோய் ஊசி ஒன்றோடு நின்றால் பாதுகாப்பு அரைகுறை. தவணை தள்ளிப்போயிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்தடுத்த ஊசிக்கு நடுவே நான்கு வாரமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் போடலாம். மெலிந்த பிள்ளைக்குக் கட்டாயம் போட வேண்டும், ஏனென்றால் தட்டம்மை வந்தால் அதிகம் அடிபடுவது அதுதான்.

மூன்றாவது வீட்டு அம்மாச்சி விஷயத்தில் நீங்கள் கூடவே போய்விடுங்கள். அட்டை இல்லை என்பதற்காக ஊசி மறுக்கக் கூடாது. சயாமாவிடம் பதிவேடு இருக்கும், குழந்தையின் பெயரும் தாயின் பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் தேடலாம். தேடியும் கிடைக்கவில்லை என்றால், உறுதியாகத் தெரியாத ஊசியைப் போடாததாகவே எடுத்துக்கொண்டு போடுவது வழக்கம். கூடுதலாக ஒரு தடவை விழுந்தாலும் பெரும்பாலான ஊசிகளில் கெடுதல் இல்லை. புது அட்டை எழுதியதும் அதை உங்கள் போனில் படம் எடுத்துத் தாய்லாந்தில் இருக்கிற மகளுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே கூலி வேலை செய்கிற தாய்க்குத் தன் பிள்ளைக்கு என்ன ஊசி ஆயிற்று என்று தெரியும், அடுத்த தேதிக்கு அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு நினைவுபடுத்துவாள். இந்த வேலையை எந்த அரசாங்கத் தாளும் செய்யாது. உங்கள் பக்கம் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அம்மாச்சிகளும் அப்பத்தாக்களும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அட்டையில் இருக்கிற பர்மிய எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது. ஆனால் தைப்பூசத்துக்கு எத்தனை நாள், தண்ணீர்த் திருவிழாவுக்கு எத்தனை நாள் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அடுத்த ஊசித் தேதியை அப்படியே சொல்லுங்கள்: ‘தீமிதி முடிஞ்ச அடுத்த செவ்வாய்.’

திட்டுவது பற்றி. சில இடங்களில் தாமதமாக வந்த தாயைக் கூட்டத்துக்கு நடுவில் வைத்துச் சத்தம் போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அக்கறையில்தான் திட்டுகிறோம் என்பார்கள் எங்கள் தொழில்காரர்கள். திட்டு வாங்கியவள் அக்கறையைக் கேட்பதில்லை, சுற்றி நின்ற பத்துப் பேர் பார்த்ததைத்தான் நினைப்பாள். உங்கள் சயாமா திட்டுகிறவரா என்று கடிதத்தில் இல்லை, அம்மாச்சியின் பயம் மட்டும்தான் இருக்கிறது. ஒருவேளை எப்போதோ, வேறு யாரோ திட்டியிருக்கலாம். அதனால்தான் கூடப் போகச் சொன்னேன்.

இப்போது உங்கள் தாள். முகங்களை அப்படியே விட்டுவிடுங்கள், தொட்டது தொட்டதுதான். தாளின் பின்பக்கத்தில், நடந்ததைக் கேட்டு எழுதுங்கள். ‘திருப்தியா?’ என்று கேட்டால் மனத்தைக் கேட்கிறோம், யாரும் மனத்தைத் திறக்க மாட்டார்கள். ‘கடைசித் தடவை போனப்ப என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள், கதை வரும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய், ஊசி போட்டார்களா திரும்பி வந்தாயா, வர முடியாமல் போனது எதனால், அன்றைக்குக் கூலி போயிற்றா. அப்புறம் ஊசி போட்டவர் நான்கு விஷயம் சொன்னாரா: என்ன ஊசி, என்ன ஆகலாம், அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது, அடுத்து எப்போது. இந்த நான்கையும் அந்தத் தாய் தன் வாயால் திருப்பிச் சொல்ல முடிந்தால் சேவை நன்றாக நடக்கிறது. சொல்ல முடியாவிட்டால், சிரிக்கிற முகத்தைத் தொட்டிருந்தாலும் அங்கே வேலை பாக்கி இருக்கிறது. பம்பில் தண்ணீர் அடிக்கும்போதோ, மண்டபத்தில் பிள்ளையைக் கூட்டிப் போக வந்து நிற்கும்போதோ கேளுங்கள். சாவடியில் சயாமா காதில் விழும்படி கேட்காதீர்கள்.

சயாமாவுக்குக் கெடுதல் வருமோ என்று பயப்படுகிறீர்கள். நல்ல பயம். ஆளை எழுதாமல் நடந்ததை எழுதினால் அந்தப் பயம் வேண்டாம். ‘சயாமா திருப்பி அனுப்பினார்’ என்று எழுதினால் அவர் தலை உருளும். ‘தட்டம்மை மருந்துக் குப்பி பெரிது, எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர்தான், அதனால் இரண்டு தடவை போட முடியவில்லை’ என்று எழுதினால், அது மேலே இருக்கிறவர்கள் தீர்க்க வேண்டிய விஷயமாகிறது: சின்னக் குப்பி அனுப்பலாம், இரண்டு ஊரைச் சேர்த்து நாள் குறிக்கலாம், வீணாகிற மருந்துக்கு அவரிடம் கணக்குக் கேட்காமல் இருக்கலாம். அவர் ஒருத்தரே பல கிராமம் பார்க்கிறார், பிரசவம், கர்ப்பிணி, காய்ச்சல், பதிவேடு எல்லாம் அவர் தலையில். சேற்றுப் பாதையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவரை நாமும் பார்த்திருக்கிறோம். எழுதியதை அனுப்புவதற்கு முன் அவரிடமே ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்பேன். பெரும்பாலும், ‘இதையும் சேர்த்து எழுது டீச்சர்’ என்று அவரே இரண்டு வரி சொல்லுவார்.

பெட்ரோல் காசு விஷயம் ஒன்று இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஊசி இலவசம். ஐஸும் மருந்தும் எடுத்து வர வண்டிச் செலவு ஆகிறது என்று சில ஊர்களில் மேஜையிலேயே தாய்மாரிடம் கொஞ்சம் வாங்குவது உண்டு. தொகை சின்னதாக இருக்கலாம், ஆனால் அன்றைக்குக் கையில் காசில்லாதவள் வீட்டோடு நின்றுவிடுவாள். அப்படி இருந்தால் கோயில் கமிட்டியோ ஊர்ப் பொதுப் பணமோ மாதம் ஒரு தடவை கொடுத்துவிட்டு, மேஜையில் காசு கைமாறாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

தாள்களை வாங்க வருகிற அமைப்புக்காரர்கள் ‘வேறு என்ன உதவி வேண்டும்’ என்று கட்டாயம் கேட்பார்கள், வழக்கம் அப்படி. அட்டை போட்டு வைக்க ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் கேளுங்கள், நான் மேலே சொன்ன நான்கு விஷயமும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு துண்டுத் தாள் கேளுங்கள். தமிழ் அச்சுக்கு யாங்கோனில் ஆள் பிடிக்க வேண்டுமானால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். ஒன்பதாம் மாதக் குழந்தையின் தாயை மட்டும் அதுவரை காத்திருக்க விடாதீர்கள். வருகிற ஊசி நாளுக்கு அவளை முதல் ஆளாகக் கூட்டிப் போங்கள்.